11.05 முதல் 1.05 வரை

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வயது 66. சொந்த ஊரான செஞ்சியிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். தினமும் இரவு படுக்கும் முன் நோட்டில் அரைப் பக்கமாவது எழுதாமல் விளக்கை அணைக்க மாட்டார். பால் கணக்கு, மழை பெய்த நேரம், யார் வந்தார்கள், யாருக்கு என்ன கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டின் ஐம்பது நாள் பக்கங்களில் ஐந்நூறு ரூபாய் அபராத நோட்டீஸ் ஒன்றின் கதையும் இருக்கிறது.

முதல் நாள், வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் செஞ்சியில் வாரச்சந்தை. விடிவதற்கு முன்பே ஆடுகளை ஏற்றிய மினி லாரிகள் வந்து நிற்கும். பண்டிகை நெருங்கினால் வெளி மாவட்ட வியாபாரிகளும் வந்துவிடுவார்கள். வாசலில் சுங்கச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார்கள். சுங்கத்தை வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் குத்தகைதாரர். அவருடைய ஆட்கள் கையில்தான் சீட்டுப் புத்தகம்.

நோட்டு எழுதுபவர் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. கார் நம்பர் அவருடையது. குற்றம், நோ பார்க்கிங். தொகை, 500 ரூபாய். நாள், போன வாரம் புதன்கிழமை. நேரம், 11.42.

அந்தப் புதன்கிழமை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மச்சினன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, மனைவியோடு பெருநகரம் ஒன்றின் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அங்கே தெருவோரம் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் கார் நிறுத்த விட்டார்கள். கையில் மெஷின் வைத்திருந்த ஒருவர் இடம் காட்டி, பணம் வாங்கி, சீட்டும் கொடுத்தார்.

“இன்னா சார், முகமே மாறிப்போச்சி?” என்றார் காய்க்கடைக்கார அம்மா.

“பணம் கட்டி வண்டி நிறுத்தினேம்மா. அதுக்கு ஃபைன் போட்டிருக்காங்க.”

“கட்டிட்டுப் போங்க சார். ஐந்நூறு ரூபாய்க்குப் போயி அலையறதா?”

டீக்கடையிலும் அதே பேச்சுத்தான். “கட்ட மாட்டேன்னு நிக்கறதுக்கு நீங்க என்ன தேசிங்கு ராஜாவா?” என்று ஒருவர் கேட்டார். இந்த ஊரில் அந்தப் பெயர் அடிக்கடி வாயில் வரும். ஆற்காட்டு நவாப் கேட்ட கப்பப் பாக்கியைத் தர மறுத்து, 1714 அக்டோபர் 3 அன்று போர்க்களத்தில் உயிர்விட்ட இளைஞன் தேசிங்கு. அன்றிரவு நோட்டில் அவர் எழுதியது ஒரே வரி: ‘கட்ட வேண்டியதா என்று முதலில் பார்க்கலாம்.’

இரண்டாம் நாள், சனி

செய்தி உண்மையானதுதானா என்று பார்ப்பது முதல் வேலையாயிற்று. ‘ஆர்.டி.ஓ. செலான்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பி, அதைத் திறந்தவரின் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. பல மாநிலப் போலீசார் இதுபற்றி எச்சரித்திருக்கிறார்கள். அரசு எந்தச் செலானையும் ஏ.பி.கே. கோப்பாக அனுப்புவதில்லை. மாட்டிக்கொண்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் உதவிக்கு வந்தான். “தாத்தா, செய்தியில இருக்கற லிங்கைத் தொடாதீங்க. பரிவாகன் தளத்துக்கு நாமளே போயிப் பாக்கலாம்” என்றான். முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிகிறதா என்று சரிபார்த்து, வண்டி நம்பரையும் ஆர்.சி. புத்தகத்திலிருந்து இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் போட்டான்.

செலான் நிஜம்தான். கூடவே ஒரு படம். அவருடைய வெள்ளைக் காரின் பின்பக்கம், நம்பர் பிளேட், ஓரத்தில் ஒரு துணிக்கடைப் பொம்மையின் பாதி. நோ பார்க்கிங் பலகை எதுவும் படத்தில் இல்லை. தரையில் கோடு இருந்ததா இல்லையா என்பதும் தெரியவில்லை. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு: நம் நாட்டில் நோ பார்க்கிங் பலகை இப்படித்தான் இருக்கும். கோடு இரண்டாகப் பெருக்கல் குறிபோல் இருந்தால் வண்டியை நிறுத்தவே கூடாது என்று பொருள். படத்தைப் பெரிதாக்கி மூன்று தடவை பார்த்தார்கள். வட்டமே கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

சீட்டைத் தேடினார். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்ததும் மனசு திக்கென்றது. எழுத்துப் பாதி போய்விட்டது.

இந்தச் சீட்டுகளில் மை கிடையாது. தாளின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு. மெஷினின் சூடு படுகிற இடம் கறுத்து எழுத்தாகிறது. வெயிலிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் கிடந்தால் அந்த எழுத்து வெளிறிவிடும். செஞ்சி வெயிலில் பத்து நாளுக்கு மேல் கிடந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பிடித்தார். தெருவின் பெயர் தேய்ந்து தெரிந்தது. கார் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் தெரிந்தது. அடியில் 11.05 முதல் 1.05 வரை என்று மட்டும் மங்கலாக, ஆனால் முழுசாக இருந்தது. உடனே படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு நோட்டைப் புரட்டினார். புதன்கிழமைப் பக்கத்தில் இருந்தது: ‘11 மணிக்குச் சேர்ந்தோம். வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. துணிக்கடைக்கு எதிரே, மேற்குப் பக்கம். கிழக்குப் பக்கம் கால்வாய்க்குத் தோண்டியிருக்கிறார்கள். பார்க்கிங் சீட்டு வாங்கினேன். புடவை நான்கு. 12.50க்குக் கிளம்பினோம்.’

எழுதும்போது இதற்கொரு பயன் வரும் என்று அவர் நினைக்கவில்லை. நாளும் நேரமும் போட்டு எழுதுவது நம்மிடம் பழைய வழக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை வருஷம், மாசம், தேதி, கிழமை போட்டுத் தமிழில் எழுதிவைத்தார். செஞ்சிக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காலமும் அந்த நாட்குறிப்பின் காலத்துக்குள்தான் வருகிறது. வரலாறு படிப்பவர்கள் இன்றும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதற்கு, அன்றன்றைக்கே எழுதப்பட்டது என்பதே பெரிய காரணம்.

நான்காம் நாள், திங்கள்

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அன்றைய பக்கம் நிறைய அவர் சொன்னவைதான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 117ஆம் பிரிவு, வண்டி நிறுத்தும் இடங்களை அரசோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு தீர்மானிக்கலாம் என்கிறது. பிறருக்கு ஆபத்தோ தடையோ இடைஞ்சலோ ஆகும்படி வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்பது 122ஆம் பிரிவு. தனியாகத் தண்டனை சொல்லப்படாத குற்றங்களுக்குப் பொதுவான அபராதம் 177ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் தடவை 100 ரூபாயாக இருந்ததை 2019 திருத்தம் 500 ஆக்கியது. அடுத்த தடவை 1,500. தமிழ்நாடு தன் அபராதத் தொகைகளை 2022 அக்டோபரில் உயர்த்தியது.

“இப்ப நீங்க ஐந்நூறு கட்டினா அது 200ஆம் பிரிவில போகும் சார். கோர்ட்டுக்குப் போகாம அங்கயே முடிச்சிக்கிறதுன்னு அர்த்தம். அதோட கேஸ் முடிஞ்சிது. ஆனா தப்பு செய்தேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. பின்னாடி போயி, நான் சீட்டு வாங்கியிருந்தேனேன்னு சொல்ல முடியாது.”

இன்னொன்றும் சொன்னார். கேமரா போன்ற மின்னணுக் கருவி பதிவு செய்த குற்றத்துக்கு எப்படி நோட்டீஸ் தர வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சொல்கிறது. 2021 ஆகஸ்டில் வந்தது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு மீறப்பட்டது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழும் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 63.

“நோட்டீஸ்ங்கிறது தீர்ப்பு இல்ல சார். நீ இப்படிச் செய்தேன்னு நான் சொல்றேன், நீ என்ன சொல்றேன்னு கேக்கறாங்க. அவ்ளோதான்.”

இந்த வாக்கியத்தின் கீழ் நோட்டில் அவர் கோடு போட்டிருக்கிறார்.

ஆறாம் நாள், புதன்

ஜெராக்ஸ் கடையில் சீட்டின் படத்தைப் பெரிதாக்கி இரண்டு நகல் எடுத்தார். கடைக்காரத் தம்பி எழுத்தைக் கொஞ்சம் அழுத்தமாக்கிக் கொடுத்தான்.

அன்றைய யோசனை முழுக்க ஒரு கேள்வியைச் சுற்றியே இருக்கிறது. தெருவில் வண்டி நிறுத்தக் காசு வாங்குவது உள்ளாட்சி, அல்லது அதனிடம் குத்தகை எடுத்தவர். செலான் போடுவது போலீஸ். இடம் காட்டியவருக்கும் படம் எடுத்தவருக்கும் நடுவே பேச்சுவார்த்தை இல்லாவிட்டால், நடுவில் நிற்கும் ஆள் இரண்டு பக்கமும் பணம் கட்ட வேண்டியதுதான். அரசின் பெயரால் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ‘இங்கே நிறுத்து’ என்றால், அது வாக்குக் கொடுத்தது போல. அதே அரசின் பெயரால் இன்னொருவர் ‘ஏன் நிறுத்தினாய்’ என்று கேட்டால், முதலில் வாங்கிய காசுக்கு என்ன பெயர்? மக்கள் இதைக் கேட்காமல் விட்டுவிடுவதால்தான் இது தொடர்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார்.

மாணவன் இணையத்தில் ஒரு பழைய சங்கதியைத் தேடிக் கொடுத்தான். உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து சென்ட். கடைத்தெருவில் வேலை செய்பவர்களே காலை முதல் மாலை வரை வண்டியை நிறுத்திவிடுகிறார்கள், சாமான் வாங்க வருபவருக்கு இடமில்லை என்பதுதான் அப்போதும் குறை. கார்ல் மகீ என்ற பத்திரிகையாளர் அதற்கு இந்த வழியைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே ஒரு பாதிரியார் மீட்டர் வழக்கில் மாட்டினார். சில்லறை மாற்றக் கடைக்குள் போயிருந்தேன் என்று நீதிபதியிடம் சொன்னார். வழக்குத் தள்ளுபடியானது. மீட்டருக்கு என்ன வயதோ, அதைக் கேள்வி கேட்பதற்கும் கிட்டத்தட்ட அதே வயது.

கட்டணம் வாங்குவதையே அவர் எதிர்க்கவில்லை. தெரு எல்லோருக்கும் சொந்தம். அதில் ஒரு காரளவு இடத்தை இரண்டு மணி நேரம் ஒருவர் வைத்துக்கொண்டால் அதற்கு விலை கொடுப்பது நியாயம்தான். அவரே கொடுத்துத்தானே நிறுத்தினார்.

ஏழாம் நாள், வியாழன்

மூன்று தாள் எழுதினார்.

முதல் தாள் செலான் போட்ட அலுவலகத்துக்கு. ஒரே பக்கம். செலான் எண், வண்டி எண், நாள், நேரம். ‘தாங்கள் குறிப்பிடும் 11.42 மணிக்கு என் வாகனம், கட்டணம் பெற்றுக்கொண்டு ஒதுக்கப்பட்ட இடத்தில் நின்றது. சீட்டின் காலம் 11.05 முதல் 1.05 வரை. படத்தில் தடைப் பலகை இல்லை. செலானை ரத்து செய்யக் கோருகிறேன். ஏற்க இயலாதெனில், காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.’ கோபமாக எழுதிய இரண்டு வரியை அடித்துவிட்டு மறுபடி சுத்தமாக எழுதினார். அசல் சீட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நகலை இணைத்தார்.

இரண்டாவது, பரிவாகன் தளத்தின் புகார் பக்கத்தில் அதே விஷயம். அதற்கு ஒரு புகார் எண் வந்தது.

மூன்றாவது தாள் உள்ளாட்சிக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மூன்றே கேள்வி. அந்தத் தெருவில் கட்டண நிறுத்தம் அனுமதித்த உத்தரவின் நகல். அந்தப் புதன்கிழமை எந்தப் பக்கம் அனுமதி இருந்தது. அந்த விவரம் போலீசுக்குத் தெரிவிக்கப்பட்டதா.

தபால் நிலையத்துக்குப் போனபோது அவருக்கு ஒரு சின்ன வருத்தம். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் பார்த்த பதிவுத் தபால் இப்போது தனிச் சேவையாக இல்லை. 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்கும் வசதி இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் தேதி முத்திரை குத்தியபோது, அது தெளிவாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பழைய பழக்கம். “சார், நல்லா விழுந்திருக்கு” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் காட்டினார்.

பதினைந்தாம் நாள், வெள்ளி

லண்டனில் இருக்கும் அண்ணன் மகன் போன் செய்தான். ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும், “சித்தப்பா, இங்க இது தினமும் நடக்கறது. ஆனா எதிர்த்துக் கேக்கறதுக்கு வழி போட்டு வெச்சிருக்காங்க” என்றான்.

அவன் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். இங்கிலாந்தில் தெருவோரப் பார்க்கிங் பெரும்பாலும் போலீஸ் விவகாரம் இல்லை. அபராத நோட்டீஸ் கொடுப்பது உள்ளூர் கவுன்சில். 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. கட்ட வேண்டியதில்லை என்று நினைத்தால் அதே காலத்தில் எழுதிக் கேட்கலாம். அதற்குப் பிறகு வண்டிக்காரருக்கு முறையான அறிவிப்பு வரும். 28 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். கவுன்சில் அதற்கு 56 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆட்சேபம் ஏற்கப்பட்டதாகவே பொருள். மறுத்துப் பதில் வந்தால் கவுன்சிலுக்குக் கட்டுப்படாத தீர்ப்பாயம் இருக்கிறது. லண்டனுக்கு ஒன்று, இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் இன்னொன்று. அங்கே முறையிடக் கட்டணம் இல்லை. கவுன்சில் கட்டண இடங்களில், சீட்டு நேரம் முடிந்தபின் பத்து நிமிஷம் சலுகையும் உண்டு. 2015 முதல் இது சட்டம்.

56 நாள் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, எதிரே இன்னொன்றையும் எழுதினார். நம் தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், மறுத்ததாகக் கொள்ள வேண்டும், மேல்முறையீட்டுக்குப் போகலாம். அங்கே அலுவலகம் சும்மா இருந்தால் கேட்டவர் ஜெயிக்கிறார். இங்கே அலுவலகம் சும்மா இருந்தால் கேட்டவர் இன்னொரு மனு எழுதுகிறார்.

டொராண்டோவிலும் 2017 முதல் பார்க்கிங் அபராதத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல், முதலில் ஒரு பரிசீலனை அதிகாரி, பிறகு விசாரணை அதிகாரி என்று முடிக்கிறார்கள் என்றும் அண்ணன் மகன் சொன்னான். அவனுடைய நண்பர்கள் அங்கே ஸ்கார்பரோவில் இருக்கிறார்கள். இந்தியாவில் இப்படி ஒரு நடு மேசை ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால், சாதாரண ஆளுக்கு அரைநாளில் நியாயம் கிடைத்துவிடும் என்று எழுதி, ‘வேண்டும்’ என்று முடித்திருக்கிறார்.

இருபத்து நான்காம் நாள், ஞாயிறு

மச்சினன் குடும்பம் வந்திருந்தது. கோட்டைக்கு அழைத்துப் போனார்.

ஊரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் போனால் சாலையே கோட்டைச் சுவரின் நடுவே புகுந்து போகும். வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி. சந்திரகிரியையும் சேர்த்து மூன்று குன்றுகளையும் வளைக்கும் மதில் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டுக் காத்துக் கிடந்த கோட்டை. உள்ளே சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். 2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராத்தியர் போர்க்கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது செஞ்சி.

அறிவிப்புக்குப் பிறகு வண்டிகள் கூடியிருப்பது அவர் கண்ணுக்கே தெரிகிறது. ஏற்கெனவே அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் போகிற கூட்டம் செஞ்சி வழியாகப் போகும். மாசத்தில் இரண்டு இரவு கூட்டு ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். வெள்ளிக்கிழமை சந்தை வேறு. காந்தி பஜாரில் இரண்டு கார் எதிரெதிரே நின்றுவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. இந்த ஊரிலும் தெருவோரக் கட்டணம் என்று ஒருநாள் வரும். வரட்டும். வரும்போது ஒழுங்காக வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பேரூராட்சிக்கு எழுத வேண்டிய மனுவின் குறிப்பை எழுதினார்:

‘எந்தப் பக்கம், எந்த நேரம், எவ்வளவு கட்டணம் என்ற பலகை, தெரு ஆரம்பத்திலும் முடிவிலும். தரையில் வெள்ளைக் கோடு. சீட்டில் வண்டி எண், நேரம், குத்தகைதாரர் பெயர், குத்தகை முடியும் நாள். குறை சொல்ல ஒரு தொலைபேசி எண். இடம் மாற்றினால் அன்றே காவல் நிலையத்துக்குக் கடிதம்.’

கடைசி வரியை இரண்டு தடவை எழுதியிருக்கிறார்.

முப்பத்து மூன்றாம் நாள், செவ்வாய்

பதில் எதுவும் வரவில்லை. ஒப்புகை மட்டும் வந்திருக்கிறது. பரிவாகன் தளத்தில் செலான் இன்னும் நிலுவை என்றே இருக்கிறது.

வக்கீலிடம் மறுபடி பேசினார். கட்டாத செலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2019இல் டெல்லியில் முதலில் தொடங்கி, பிறகு பல மாநிலங்களுக்கு வந்த ஏற்பாடு அது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். திரையில் இரண்டு வழி இருக்கும். அபராதத்தைக் கட்டுகிறேன் என்பது ஒன்று. வழக்கை எதிர்கொள்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டாவதை அழுத்தினால் வழக்கு உரிய நீதிமன்றத்துக்குப் போகும். நோட்டீஸ் போட்ட நகரத்துக்கு அவர் நேரில் போக வேண்டியிருக்கும்.

“லோக் அதாலத்லயும் முடிக்கலாம் சார். ஆனா அங்க சமாதானம்தான், தீர்ப்பு இல்ல. தொகையைக் குறைச்சிக் கட்டச் சொல்லுவாங்க. அப்படியே விட்டுறவும் கூடாது. நாளைக்கு வண்டியை விக்கப் போனா பழைய செலான் குறுக்க வந்து நிக்கும்.”

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டதற்கு, ஒவ்வொரு வட்டத்திலும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள் என்றார். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச உதவி கேட்கலாம்.

அன்று மனம் தளர்ந்துதான் இருந்தார். போகவர பஸ் கட்டணம், ஒருநாள் முழுக்கச் சாப்பாடு, வாய்தா விழுந்தால் இன்னொரு நாள். கணக்குப் பார்த்தால் ஐந்நூறைத் தாண்டுகிறது. மனைவி காபியை வைத்துவிட்டு, “இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப ஏங்க யோசிக்கறீங்க? நானும் வரேன். சீட்டு வாங்கும்போது நானும்தானே வண்டில இருந்தேன்?” என்றார். நோட்டில் அது அப்படியே இருக்கிறது. அடியில், ‘சாட்சி ஒருவர் கிடைத்தார்’ என்று எழுதியிருக்கிறார்.

முப்பத்தொன்பதாம் நாள், திங்கள்

உள்ளாட்சியிலிருந்து பழுப்பு உறை. தகவல் உரிமை மனுவுக்குப் பதில், மனு போய்ச் சேர்ந்த முப்பது நாளுக்குள் வந்துவிட்டது.

இரண்டு தாள். முதல் தாளில், அந்தத் தெருவின் கிழக்குப் பக்கம் கட்டண நிறுத்தத்துக்கு அனுமதித்த பழைய உத்தரவு. இரண்டாவது ஒரு குறிப்பாணை: கிழக்குப் பக்கம் மழைநீர்க் கால்வாய் வேலை நடப்பதால், வேலை முடியும்வரை வாகனங்களை மேற்குப் பக்கம் நிறுத்திக் கட்டணம் வசூலிக்கலாம் என்று குத்தகைதாரருக்குச் சொன்னது. நகல் யார் யாருக்கு என்ற இடத்தில் பொறியாளர் இருந்தார், குத்தகைதாரர் இருந்தார். போலீஸ் இல்லை. மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில்: தெரிவித்ததற்கான கடிதம் கோப்பில் இல்லை.

ஆக, படம் எடுத்த காவலரிடம் இருந்த பட்டியலில் மேற்குப் பக்கம் தடை. மெஷின் வைத்திருந்தவரிடம் இருந்த தாளில் மேற்குப் பக்கம் அனுமதி. இரண்டு பேருமே தன்னிடம் இருந்த தாளின்படி சரியாகத்தான் வேலை பார்த்தார்கள். வெயிலில் நின்று வேலை பார்க்கும் அந்த இருவர் மேலும் அவருக்கு வருத்தம் இல்லை. ஒரு கடிதத்தின் அடியில் ஒரு வரி கூடுதலாக டைப் அடித்திருந்தால், அன்று அந்தத் தெருவில் நின்ற ஒரு வண்டிக்கும் செலான் விழுந்திருக்காது. அவருடைய காருக்கு முன்னும் பின்னும் எத்தனை வண்டிகள் நின்றன என்று நினைத்துப் பார்த்தார். அவர்களில் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள்?

அன்று மாலையே குறிப்பாணையின் நகலோடு இன்னொரு கடிதம் அனுப்பினார்.

நாற்பத்து நான்காம் நாள், சனி

பதில் வந்துவிட்டது. நான்கு வரி. மனுதாரர் சமர்ப்பித்த ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டன. மேற்படி செலான் ரத்து செய்யப்படுகிறது. மாணவன் தளத்தைத் திறந்து பார்த்தான். நிலுவை இல்லை.

அவர் சந்தோஷப்பட்டார், உண்மை. ஆனால் அன்றிரவு ஒரு கடிதம் கூடுதலாக எழுதினார். அந்தக் குறிப்பாணை நடப்பில் இருந்த நாட்களில், அந்தத் தெருவின் மேற்குப் பக்கத்துக்குப் போட்ட மற்றச் செலான்களையும் பரிசீலிக்க வேண்டும், கட்டியவர்களுக்குத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று. அந்த வண்டிக்காரர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர்களுக்காக யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. தபாலில் சேர்த்துவிட்டு, ஒப்புகைக்கு எண்ணத் தொடங்கினார்.

ஐம்பதாம் நாள், வெள்ளி

சந்தை. ஒரு வெள்ளாட்டுக் குட்டியை மச்சினன் வீட்டுக்காகப் பேசி முடித்தார். வாசலில் சீட்டுப் புத்தகத்தோடு அதே பையன். காசை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்து நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“தம்பி, தேதி போடல.”

“யாரும் கேக்க மாட்டாங்களே சார்.”

“நான் கேக்கறேன்பா. தேதியும் போடு, மணியும் போடு.”

பையன் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தான். புத்தகத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுதினான். பின்னால் நின்றவர், கையில் இரண்டு ஆட்டின் கயிறு, எட்டிப் பார்த்து, “எனக்கும் அப்படியே போட்டுக் குடு தம்பி” என்றார்.